காலி செய்யாத அலுவலகமும் காப்புறுதி எடுத்த ஹாஜியாரும்

காத்தான்குடியில் ஒருவருக்குப் பெண்பிள்ளை பிறந்தால் அவர் அடுத்ததாகத் தேடுவது வீடு கட்டும் மேசனைத்தான். வீடு மகளுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவார். இது ஊர் வழக்கம். இதைப் பற்றி எந்த அமைச்சும் இன்னும் சுற்றறிக்கை அனுப்பாதபடியால் ஒழுங்காக நடந்து வருகிறது.

சாலிஹ் ஹாஜியாருக்கு மூன்று பெண்பிள்ளைகள். கட்டார் வெயிலில் காய்ந்து மூன்று வீடுகளைக் கட்டினார். பிள்ளைகள் வளரும்வரை மூன்றையும் வாடகைக்கு விட்டார். அவர் இருப்பதோ மனைவி றஸீனாவின் வீட்டில். மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரரான அவர், தன் தொப்பியை மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும் றஸீனாவிடம் கேட்க வேண்டும்.

இரண்டு வீடுகளின் வாடகை அந்த வீடுகளின் ஓட்டுக்கும் தண்ணீர் மோட்டருக்குமே போய்விடும். மூத்தவள் சஹ்லாவின் வீடு வாவிக்கரைப் பக்கம் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டது 'வாடகைச் சொத்து முதலீட்டாளர் வலுவூட்டல் இணைப்பகம்' என்ற அரசாங்க அலுவலகம். வீடுகளை வாடகைக்கு விட்டு அல்லற்படுவோரின் துயர் துடைக்கவே அது தோற்றுவிக்கப்பட்டது. துடைப்பதற்குத் துயர் கைவசம் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் வந்த நாள் தொடங்கி அது வாடகை கொடுக்கவில்லை.

சஹ்லாவுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை இஷாம், அரசாங்க வேலை கேட்டு வருடக்கணக்காக வீதியோரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பட்டதாரி. ஹாஜியார் சந்தோஷமாக இணைப்பகத்துக்குப் போய், பணிப்பாளர் நல்லரத்தினத்தின் முன் நின்றார். தன் சொந்த வீட்டு மண்டபத்தில் அவருக்கு உட்காரக் கதிரை கிடைக்கவில்லை.

"சேர், மகளுக்குக் கலியாணம். கலியாணம் வரைக்கும்தான் வாடகைக்கெண்டு ஒப்பந்தத்தில இருக்கு."

"ஓம் ஹாஜியார். கலியாணப் பதிவுச் சான்றிதழைக் கொண்டு வாங்க. அண்டைக்கே வீட்டை விட்டு எழும்புறம்."

"வீடு காலியானாத்தானே சேர் கலியாணம்? மாப்பிள்ளை எங்க வந்து ஏறுற?"

"அது உங்கட கலாசாரம். அதில நாங்க தலையிடக் கூடாது. எங்களுக்குச் சான்றிதழ் போதும்."

மாப்பிள்ளையின் தகப்பன் மஜீட், புடவைக் கடைக்காரர், அதைவிடச் சுருக்கமாகப் பேசினார். "வீட்டுத் திறப்பு கைக்கு வந்தா நிக்காஹ். வராட்டி என்ட மகனுக்கு ஓட்டமாவடியில ஒரு பொண்ணு பார்த்து வெச்சிருக்கன், காக்கா."

அந்தக் கிழமையே இணைப்பகம் ஒரு செயலமர்வு நடத்தியது. கொழும்பில் இப்போது கோட்டுப் போட்ட இளைஞர்கள் காசு பெருக்கும் வழி சொல்லி ஹோட்டல்களில் நடத்துகிறார்களே, அதே வகை. நல்லரத்தினமும் கோட்டுப் போட்டிருந்தார். மே மாத வெக்கையில் அந்தக் கோட்டுக்குள் அவர் அவிந்துகொண்டிருந்தது நாட்டின் அபிவிருத்திக்காக. சஹ்லாவின் மண்டபச் சுவரில் படம் விழுந்தது. படத்தில் இருந்தவர் சாலிஹ் ஹாஜியார்.

"இவர் ஒரு முதலீட்டாளர்" என்றார் நல்லரத்தினம். அதுவரை தகப்பனாக மட்டும் இருந்த ஹாஜியார் இந்தப் பதவியுயர்வைக் கேட்டு வெட்கப்பட்டார். "இவரிடம் மூன்று வீடுகள் இருக்கின்றன. ஆனால் திரவத்தன்மை இல்லை. அதாவது, அவசரத்துக்கு எடுக்கக் கையில் காசில்லை."

"நீங்க வாடகை தாறல்லியே சேர்!"

"பார்த்தீர்களா? வாடகைக்காரர் வாடகை தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது."

கூட்டம் கை தட்டியது. பழக்கதோஷத்தில் ஹாஜியாரும் தட்டிவிட்டார்.

இதற்கு மருந்து முழு ஆயுள் காப்புறுதி. உயிரோடு இருக்கும்போது அதன்மேல் கடன் எடுக்கலாம், திரவத்தன்மை. இறந்தால் பிள்ளைக்கு மொத்தமாகக் காசு வரும், வீடு. இவ்வளவையும் நல்லரத்தினம் அழகாக விளக்கி முடிக்கவும், காப்புறுதி முகவரான அவர் மனைவி தனுஷியா வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்கவும் சரியாக இருந்தது. 

"இது ஹலாலா புள்ள?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இதே காப்புறுதி பச்சை அட்டை போட்டும் இருக்கு, ஹாஜியார்" என்றார் தனுஷியா.

"கட்டுறதுக்குக் காசு?"

அதற்கும் நல்லரத்தினம் வழி வைத்திருந்தார். "நாங்க தர வேண்டிய வாடகை இருக்குத்தானே? அதில கழிச்சுக் கட்டிவிடுறம். உங்கட கையில இருந்து ஒரு சதம் போகாது."

ஹாஜியார் பச்சை அட்டை போட்ட காப்புறுதிப் பத்திரத்தோடு மஜீட்டின் கடைக்குப் போனார். "வீட்டுக்குப் பதிலா இதை எடுங்க சம்பந்தி. இதால இன்னொரு வீடே கட்டலாம்."

மஜீட் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்ப காசு வரும்?"

"நான் மௌத்தானதும்."

மஜீட் அட்டையை வைத்துவிட்டு ஹாஜியாரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். துணி அளக்கிற கண். "பிரஷர் இருக்கா?"

"கொஞ்சம்."

"சீனி?"

"அதுவும் இருக்கு, அல்லாஹ்ட காவல்."

"அப்ப யோசிப்பம்" என்று மஜீட் முகம் மலர்ந்தார்.

மறுநாள் முதல் சம்பந்தி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ஈரல் பொரியல், கொழுப்போடு மாட்டு இறைச்சி, ஒரு சட்டி நிறையத் தித்திக்கும் வட்டிலப்பம். கூடவே ஒரு விசாரிப்பு: "சம்பந்தி எப்படி இருக்கார்?" நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் வந்தவரின் முகம் வாடியது.

இணைப்பகமோ வேறு விதமாகக் கவலைப்பட்டது. ஹாஜியார் இறந்தால் வீடு வாரிசுகளுக்குப் போகும். வாரிசுகள் வழக்குப் போடுவார்கள். அலுவலகம் எழும்ப வேண்டி வரும். ஆகவே அவர் தினமும் வாவிக்கரையில் நடக்க வேண்டும் என்றும், இறைச்சி தவிர்க்கப்பட வேண்டும் என்றும் பொதுநலன் கருதி எழுத்தில் அறிவித்தது.

"ஒருத்தன் தின்னச் சொல்றான், ஒருத்தன் ஓடச் சொல்றான்" என்றார் றஸீனா. "ஒங்கள மனிசனா நினைக்கிறவன் இந்த ஊரில ஒருத்தனுமில்லயா? வட்டிலப்பத்த இஞ்சால தாங்க."

இரண்டு மாதத்தில் தனுஷியா வீடு தேடி வந்தார். கட்டுப்பணம் வந்து சேராததால் காப்புறுதி காலாவதியாகிவிட்டதாம். ஹாஜியார் நல்லரத்தினத்திடம் ஓடினார்.

"வாடகையில கழிச்சுக் கட்டுறதெண்டு சொன்னீங்களே சேர்!"

"கழிச்சம். நாங்க தர வேண்டிய வாடகை அவ்வளவால குறைஞ்சு போச்சு. ஆனா கட்ட எங்களிட்ட காசில்லை. எங்களுக்கும் திரவத்தன்மைப் பிரச்சினை இருக்கு, ஹாஜியார்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"கையில கொஞ்சம் திரவத்தன்மை வெச்சிருந்திருந்தா நீங்களே கட்டியிருக்கலாம்."

"காப்புறுதி எடுத்ததே அதுக்குத்தானே?"

"அதைத்தான் செயலமர்வில சொன்னனான். நீங்க கவனிக்கல்ல."

சாப்பாடு அன்றே நின்றது. மஜீட் பெண் பார்க்க ஓட்டமாவடிக்கு வான் வண்டி பிடித்தார்.

அப்போது, அதுவரை யாரும் எதுவும் கேட்காத சஹ்லா வாய் திறந்தாள். "வாப்பா, என்ட வீட்டுப் பின்னறை காலியா?"

"அதில அவங்கட உடைஞ்ச கதிரை கிடக்கு மகள்."

"கதிரைய ஒதுக்கினா ஒரு கட்டில் போடலாம். மாப்பிள்ளை என்ட வீட்டுக்குத்தானே வரவேணும்? அது என்ட வீடுதானே? அவங்க எழும்பாட்டி நாங்க ஏறுவம். சான்றிதழ் கேட்டாங்களே, அதையும் கொண்டு போய் மேசையில வெப்பம். அவருக்கிட்டக் கேளுங்க, வாறாரா எண்டு."

கொட்டகையில் படுத்துப் பழகிய இஷாமுக்குப் பின்னறை மாளிகையாகத் தெரிந்தது. ஓம் என்றான். மஜீட் வானுக்குக் கொடுத்த முற்பணத்தை நினைத்து ஒரு நாள் அழுதார்.

நிக்காஹ் முடிந்தது. சான்றிதழைப் பெற்றுக்கொண்ட நல்லரத்தினம் மணமக்களை மனமார வாழ்த்தினார். சான்றிதழ் உண்மையானதுதானா என்று உறுதிசெய்வதற்காக அது கொழும்புக்கு அனுப்பப்படும் என்றும், பதில் வரும்வரை தம்பதியர் பின்னறையில் இருப்பதற்கு இணைப்பகம் பெருந்தன்மையோடு அனுமதி அளிக்கிறது என்றும் சொன்னார். பிறகு அவரும் அதைத் தொடர்ந்து கவனிக்கக் கொழும்புக்குப் போனார். நாளுக்கு நாள் படிக்காசு கிடைக்கும் பயணம் என்பதால் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை இஷாம் சாரனோடு மண்டபத்துக்கு வந்தான். ஜனங்கள் நின்றார்கள். பணிப்பாளரின் மேசை வெறுமையாக இருந்தது. உட்கார்ந்து தேநீர் குடித்தான். ஒரு பெரியவர் கும்பிட்டு ஒரு கடுதாசியை நீட்டினார். இஷாம் அதை வாங்கி, வாசிக்காமல், மற்றக் கடுதாசிகளின் கீழே வைத்தான். அவ்வளவுதான். பெரியவருக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கிழமை இஷாம் காற்சட்டைக்கு மாறினான். யாரும் அவனுக்கு நியமனக் கடிதம் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சஹ்லாவின் கதை ஊரெங்கும் பரவி, எதற்கென்றாலும் ஊர்வலம் போகும் எங்கள் போராட்டக் குழுவுக்கும் எட்டியது. பொங்கி எழுந்தோம். 'சஹ்லாவின் வீட்டைச் சஹ்லாவுக்கே கொடு!' என்று துணியில் எழுதி, வெயிலில் ஊர்வலமாகப் போய் இணைப்பகத்தின் வாசலை நிறைத்தோம். தொண்டை கட்டும்வரை கத்தினோம். இஷாம் எழுந்து வந்து மரியாதையாக எங்கள் மகஜரை வாங்கி, முத்திரை குத்தி, நகலும் தந்தான். இத்தனை காலப் போராட்டத்தில் மகஜர் கொடுத்த அன்றே நகல் கிடைத்தது அதுதான் முதல் தடவை. மற்றக் கோரிக்கைகளையும் இன்றே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்து, அவன் மேசையின் முன் வரிசையாக நின்றோம்.

பின்னறைக் கதவு திறந்தது. கையில் அகப்பையோடு ஒரு பெண் வந்து எங்களையெல்லாம் தாண்டி நேரே மேசைக்குப் போனாள்.

"இவங்க கேக்கிறது எங்கட வீட்டை. நீங்களும் வாங்கி வெச்சிட்டு இருக்கீங்களே! எப்பகா எழும்பப் போறீங்க எல்லாரும்?"

இஷாம் நிமிரவில்லை. "அது வேற பிரிவு" என்றான்.

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாங்கள் விடவில்லை. வெயிலில் நடந்து வந்தவர்கள் அல்லவா?

"தங்கச்சி," என்று ஒரே குரலில் கத்தினோம், "வரிசையில வாங்க!"