கப்பல் ராவுத்தரின் அசல் ரஷ்யன் பீஃப்

மட்டாஞ்சேரியில் ரஷ்யாவைப் பற்றிக் கடைசி வார்த்தை பேசும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ரஷ்யாவைப் பார்த்ததே இல்லை. கப்பல் ராவுத்தர் என்றால் பஜார் முழுக்கத் தெரியும்; சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சரக்குக் கப்பலில் ஒரு ரஷ்யச் சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக்கொடுத்தவர். ஊர் திரும்பியதும் அரிசி மண்டிகளுக்கு நடுவே ஆறு மேஜை போட்டுக் கடை திறந்தார். வாசலில் போர்டு: 'அசல் ரஷ்யன் பீஃப் ஸ்ட்ரோகனாஃப்'. மெல்லிசாக நறுக்கிய மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி. ரஷ்யர்கள் ஊற்றும் புளித்த பாலாடைக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும். கூடவே பொரோட்டா.

"தேங்காய் எந்த ஊர் ரஷ்யாவுல காய்க்குது, இக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். இக்கா என்றால் இங்கே அண்ணன்.

"நீ கப்பல்ல போயிருக்கியாடா? ஜப்பான்காரன் இதைச் சோத்து மேல ஊத்துறான். பிரேசில்காரன் உருளைக்கிழங்கை வறுத்துத் தூவுறான். எல்லாம் டூப்ளிக்கேட்டாக்கும். நான் ஒரு நுள்ளு உப்புகூட மாத்த மாட்டேன், கேட்டியா!"

மாட்டார்தான். கொஞ்சம் மிளகு தூவச் சொன்ன பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து வந்த டாக்டர் ஒருவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பியிருக்கிறார். எலுமிச்சை வேண்டாம் என்ற சொந்த மருமகனுக்கு, கல்யாணமான மறுவாரமே வெறும் பொரோட்டா போட்டார்.

எதிர்க்கடை பிரியாணிக்காரர் சும்மா இருப்பாரா? "அது ரஷ்யாவுமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம தேங்காய்ப்பால் கறியாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ராவுத்தர் நடுத்தெருவில் நின்று சபதமே போட்டுவிட்டார்.

"ஒரு ரஷ்யாக்காரன் வந்து இது அதில்லன்னு சொல்லட்டும். போர்டை நானே கழட்டறேன். பின்னே இதை ஆக்கவே மாட்டேன்!"

வந்தார்கள். எர்ணாகுளத்திலிருந்து படகில் சுற்றிப் பார்க்க வந்த வயதான ரஷ்யத் தம்பதி. பிரியாணிக்காரரே வழிமறித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். கடை வாசலில் பஜாரே கூடிவிட்டது. ராவுத்தருக்குத் தெரிந்த ரஷ்ய வார்த்தைகள் மூன்று. மூன்றும் கப்பலில் கற்ற வசவுகள். நல்லவேளையாக, பதற்றத்தில் மூன்றும் மறந்துபோயின.

அந்த அம்மாள் ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டு, "இது ஸ்ட்ரோகனாஃப் இல்லை" என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னார்.

ராவுத்தர் ஏணியைச் சாத்தி, ஸ்க்ரூடிரைவரோடு ஏறினார். அவர் முதல் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் உள்ளே சண்டை மூண்டுவிட்டது, அதுவும் எங்களுக்கெல்லாம் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே.

கணவர் தன் தட்டை வழித்துக்கொண்டே, "அப்படியே என் அம்மா செய்தது மாதிரி!" என்கிறார்.

"அதைத்தானே சொல்கிறேன்! இதில் தக்காளி போடுவது உங்கள் அம்மா மட்டும்தான். எங்கள் வீட்டில் கடுகு!" என்கிறார் அம்மாள். மாமியார் சமையல் ரஷ்யாவிலும் மாமியார் சமையல்தான் போலிருக்கிறது.

நான் ஏணிக்கடியில் ஓடினேன். "இக்கா, அவர் ஆமாங்கறார், அந்தம்மா இல்லேங்கறாங்க. போர்டு இருக்கட்டும், இறங்குங்க."

"போர்டு கெடக்கட்டும். அந்தம்மா ஏதும் திங்கலியாடா? இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"ஒரு வாய்தான்."

இறங்கிவந்தார். கொஞ்ச நேரத்தில் தக்காளி இல்லாமல், கடுகு அரைத்துப்போட்டு இன்னொரு தட்டு வந்தது. அம்மாள் பொரோட்டாவால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். பஜார் கைதட்டியது, பிரியாணிக்காரரும் தன்னை மறந்து தட்டிவிட்டார்.

ராவுத்தர் பெயிண்ட் டப்பாவோடு மறுபடி ஏணியில் ஏறினார்.

"ஜெயிச்சிட்டீங்களே இக்கா, இன்னும் எதுக்கு?" என்று கத்தினேன்.

"கறியை மாத்திட்டேனில்லடா" என்று சொல்லி, 'அசல்' என்ற சொல்லை மட்டும் அழித்தார்.

'அசல்' என்று எழுதிய எத்தனையோ கடைகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். யாரோ ஒரு அம்மாள் பசியோடு எழுந்துவிடக் கூடாதே என்று ஏணியிலிருந்து இறங்கிவந்தவர் இவர் ஒருவர்தான். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.