நாலு டயரும் நானூறு அனுபவமும்

விசாரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றாலும் கவலை வேண்டாம், உங்களிடம் எதையாவது விசாரிக்க அவரே ஒருநாள் வந்து சேருவார். ஆள் சோம்பேறி இல்லை, கஞ்சனும் இல்லை. கையில் பணம் இருக்கும், வாங்கவேண்டிய சாமானின் கடை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும், கடைக்காரரும் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். இருந்தும் வாங்கமாட்டார். அந்தச் சாமானை வாங்கி நன்றாயிருப்பவர், வாங்கி நாசமாய்ப் போனவர், வாங்கலாமென்று நினைத்து விட்டுவிட்டவர், வாங்கியவருக்கு மச்சான் முறை ஆகவேண்டியவர் என்று அத்தனை பேரின் அனுபவத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் வாங்குவார். கேட்டு முடிப்பது எப்போது? அதை மட்டும் அவர் யாரிடமும் விசாரித்ததில்லை.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்ட ஒருவரைப் பார்க்கவேண்டுமானால், தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் வாருங்கள். தியாகராசன். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரத்தநாட்டுப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, ஊரோடு வந்து உட்கார்ந்தவர். வந்த கையோடு கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரிடம் எஸ்டேட் கார் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டார். முன்னால் பார்த்தால் பந்தயக் கார். பின்னால் பார்த்தால் ஆம்புலன்ஸ். மிதித்தால் சீறும், பின்கதவைத் திறந்தால் ஒரு கட்டிலையே உள்ளே தள்ளலாம். தஞ்சாவூரில் அப்படி ஒரு வண்டி அது ஒன்றுதான். அதை அவர் எப்படி வாங்கினார் என்கிறீர்களா? ஒரு வருஷமாகத் தினம் போனில் பதில் சொல்லிச் சலித்துப்போன டாக்டர், சாவியை அவர் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் சொன்னார்: "சார், நாலு டயரும் மொட்டை. மேல இருக்குற பட்டனெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிடுச்சு. மழைக்கு முன்னாடி மாத்திடுங்க."

அதே வாரம் வேதாரண்யத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் குந்தவையிடமிருந்து போன். முழுகாமல் இருக்கிறாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் அதோடு நிறுத்தவில்லை. "அப்பா, வளைகாப்பு முடிஞ்சதும் நம்ம வண்டியிலதான் என்னைக் கூட்டிட்டு வரணும். பின்னாடி தலகாணி போட்டுப் படுத்துக்கிட்டே வருவேன். சொல்லிட்டேன்."

"உன்னைக் குலுங்காம கொண்டாந்து சேர்க்குறதுக்குத்தாம்மா இந்த வண்டியே" என்றார் தியாகராசன். மனதாரத்தான் சொன்னார். மகளுக்கு உலகத்திலேயே நல்ல டயராகப் போடவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தார். அந்தக் குடும்பத்தைப் பிடித்த கஷ்டகாலம் அந்த முடிவில்தான் ஆரம்பித்தது.

மறுநாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வந்தது. டயர் அனுபவம் பேசுவதற்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் குரூப்புகள் நாலில் சேர்ந்தார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் வாசலில் நிற்கும் கார்களைப் பார்ப்பார். பெரிய சக்கரமாக ஏதாவது தென்பட்டால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி, கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார். காற்றைப் பிடுங்கிவிட வந்தவன் என்று நினைத்து ஓடிவரும் வண்டிக்காரரை அப்படியே பிடித்து நிறுத்தி நாலு கேள்வி கேட்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? சத்தம் வருகிறதா? மழையில் எப்படி? மறுபடியும் இதையே வாங்குவீர்களா? நாலாவது கேள்வி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பதில்கள் குவிந்தன. ஜெர்மன் டயர் வெண்ணெய் மாதிரி போகும் என்றார் கும்பகோணத்து வக்கீல். அதே டயர் திருவையாற்று வேகத்தடையில் பக்கவாட்டில் வெடித்தது என்றார் ஒரு காண்டிராக்டர். கொரியா டயர் நன்றாக உழைக்கும், ஆனால் சத்தம் என்றார் திருச்சி என்ஜினியர். "சத்தமா? நான் பாட்டு போட்டுருவேனே" என்றார் காரைக்கால்காரர். எல்லாமே நோட்டில் ஏறியது. ஆனால் எதுவும் நிலைக்கவில்லை. நல்லது என்று சொன்னவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, மோசம் என்று சொன்னவருக்குக் காற்றுப் பார்க்கத் தெரியாது, இரண்டும் கெட்டான் என்று சொன்னவருக்கு டயரே தெரியாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் யார்?

மிச்சம் இருந்தவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். கனிமொழி, வேளாண்மைத் துறையில் அலுவலர். குறுவை நடவு எங்கே, பூச்சி எங்கே என்று தினம் அறுபது கிலோமீட்டர், வண்டல் சேற்றிலும் வாய்க்கால் கரையிலும் தானே ஓட்டிப் போய் வருபவர். தியாகராசன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடையது சின்னக் கார். அது அனுபவத்தில் சேராது.

இந்த விசாரணைக்கெல்லாம் தியாகராசன் எதில் போனார் என்று கேட்டீர்களா? அந்த மொட்டை டயரில்தான். கும்பகோணம், திருச்சி, காரைக்கால், நாகூர் எல்லாம் அதில்தான். மிச்சமிருந்த கொஞ்சநஞ்சம் ரப்பரும் விசாரணையிலேயே தேய்ந்தது.

ஆவணி பிறந்தபோது பட்டியலில் ஜப்பான் டயர் முன்னால் நின்றது. அதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. இதுதான் தியாகராசனை உறுத்தியது. குறையே இல்லாத டயர் இருக்குமா? நாஞ்சிக்கோட்டை ரோட்டு டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவர், பக்கத்தில் நின்ற மூன்று பேரிடம் அடிக்குரலில் சொன்னார்: "எல்லாம் சரி. ஆனா நம்ம பக்கம் அறுப்புன்னா ரோடெல்லாம் வைக்கோல் கெடக்கும். ஜப்பான்ல ஏது வைக்கோல்? இந்தப் பட்டன் வைக்கோல்ல வழுக்குனாலும் வழுக்கும்." ஜப்பானில் நெல் விளையுமே என்று அந்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை. தலையை ஆட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் போனார்கள். தியாகராசனும் வீட்டுக்கு வந்து அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டு மறந்துபோனார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று தேதி குறித்தார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. மனைவி மாலதி அதுவரைக்கும் பொறுத்திருந்ததே பெரிது. "ஏங்க, சனிக்கிழமைக்குள்ள புது டயர் போடலைன்னா எம்பொண்ணை அந்த வண்டியில ஏத்தமாட்டேன். இது சத்தியம்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் தியாகராசனுக்குப் பயம்.

சனிக்கிழமை காலை பைபாஸ் பக்கத்து டயர் கடையில் அதிசயம் நடந்தது. கடைக்காரர் மீரா உசேன், பன்னிரண்டு முறை வந்து விலைகூடக் கேட்காமல் விசாரித்துவிட்டுப் போன இந்த மனிதர் உண்மையாகவே டயர் கேட்கிறார் என்பதை நம்புவதற்கே சற்று நேரம் எடுத்துக்கொண்டார். புது ஜப்பான் டயர் நாலும் உள்ளேயிருந்து உருண்டு வந்தன. ஜாக்கி ஏறியது. முதல் சக்கரம் கழன்றது. அப்போது தியாகராசனின் போன் அடித்தது.

"சார், மயிலாடுதுறையிலேர்ந்து பேசுறேன். டயர் குரூப்புல இருக்கேன். ஜப்பான் டயர் போடுறதா எழுதியிருந்தீங்களே, போட்டாச்சா?"

"இப்பத்தான் வீலைக் கழட்டுறாங்க."

"நல்லவேளை! போடாதீங்க. தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர், உங்களது மாதிரியே நீள வண்டியாம். ஒரத்தநாட்டு ரோட்டுல வைக்கோல் மேல ஏறி, வழுக்கி, நேரா வாய்க்கால்ல எறங்கிடுச்சாம். ஆளுக்குக் கை முறிவு."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"அனுபவப்பட்டவரே சொன்னதாம் சார்."

தியாகராசன் கழன்ற சக்கரத்தைப் பார்த்தார். வைக்கோல்! தனக்கு அப்போதே தோன்றியதே! ஊரில் நீள வண்டி தன்னுடையது ஒன்றுதான் என்பதும், தன் இரண்டு கையும் முழுசாக இருக்கின்றன என்பதும் அவருக்குத் தோன்றவே இல்லை. "பாய், நிறுத்துங்க. பழசையே மாட்டிடுங்க" என்றார்.

மீரா உசேன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, நாலு மாசமா மொட்டை டயர்ல மாவட்டம் மாவட்டமா சுத்திட்டு வந்திருக்கீங்க. வழுக்கல. இன்னும் போடாத டயரு உங்களை வழுக்கிவிட்டுடுமா?"

"பொண்ணு வர்றா பாய். ரிஸ்க் எடுக்க முடியாது."

பழைய டயரே மறுபடி ஏறியது. ரிஸ்க் எடுக்காமல், மொட்டை டயரில், மழையில் வீடு வந்து சேர்ந்தார்.

மாலதி விஷயத்தைக் கேட்டாள். வைக்கோல் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது. ஆவணியில் டீக்கடையிலிருந்து வந்தவர் அதே வைக்கோலைச் சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் சொல்லியிருந்தார். "அந்தத் தஞ்சாவூர்க்காரர் நீங்கதாங்க" என்றாள். "நீங்க சொன்னதுதான் மயிலாடுதுறை வரைக்கும் போயிக் கையை ஒடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு." சொல்லிவிட்டு மதில் ஓரம் போய் நின்று கூப்பிட்டாள். "கனிமொழி, நாளைக்கு லீவுதான? வேதாரண்யம் வரைக்கும் வர்றியா?"

"வர்றேன்க்கா. அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவோம்" என்றார் கனிமொழி. யாரையும் விசாரிக்கவில்லை.

கட்டிலே நுழையும் வண்டி வீட்டில் நிற்க, சின்னக் காரின் பின்சீட்டில், மடியில் புளிச்சோற்று அண்டாவும் காலடியில் தயிர்ச்சோறுமாகத் தியாகராசன் வேதாரண்யம் போனார். வாசலுக்கு வந்த குந்தவை தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நம்ம வண்டி எங்கம்மா?"

"விசாரணையில இருக்கு" என்றாள் மாலதி.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கையும் வளையலாகக் குந்தவை முன்சீட்டில் ஏறினாள். மன்னார்குடி தாண்டியதும் மழை கொட்டியது. ரோட்டில் பாதியைக் குறுவை நெல் அடைத்துக்கொண்டு தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. மீதிப் பாதியில், ஆம், வைக்கோல். நனைந்து, நசுங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. தியாகராசன் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். கனிமொழி வேகத்தைக் குறைத்தார். வண்டி அதன்மேல் ஏறிப் போனது. ஒன்றும் ஆகவில்லை.

"இது எந்தக் கம்பெனி டயரும்மா?" கேட்டார் தியாகராசன், பிடியை விடாமலே.

"தெரியலை சார். கறுப்பா இருந்துச்சு, வட்டமா இருந்துச்சு. மழை வருதேன்னு, கடையில இருந்ததைப் போடச் சொன்னேன்."

குந்தவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் திரும்பாமலே சொன்னாள்: "எங்கப்பா வண்டி வரும், படுத்துக்கிட்டே போவேன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்ப்பா."

தியாகராசன் முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தார். பாவம், அந்த மனிதர் மகளைவிட டயரைப் பெரிதாக நினைத்தவர் இல்லை. தானே ஒன்றைத் தேர்ந்து போட்டு, அது போகிற வழியில் காலை வாரிவிட்டால், மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால், பழி முழுக்க அவர் ஒருவர் தலையில்தான் விழும். நானூறு பேர் சொல்லிப் போட்டால் அந்தப் பழியை நானூறாகப் பங்கு போடலாம் அல்லவா? இதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"கனிமொழி, மழையில சத்தம் வருதாம்மா?" என்றார்.

தையில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் மதுரையிலிருந்து யாரோ கூப்பிட்டு, "டயர் விஷயத்துல உங்களுக்கு நல்ல அனுபவம்னு சொன்னாங்க சார்" என்றதும், தியாகராசன் போர்டிகோவில் மொட்டை டயர்க்காரின் மேல் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். அந்த முக்கால் மணி நேரத்தில் மாலதி பக்கத்து வீட்டுக்குப் போய், "தையில எந்நேரமானாலும் கூப்பிடுவேன், ஊர்ல இருப்பியா கனிமொழி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அது அவர் காதில் விழுந்தது. ஒரு நிமிஷம் போனைக் காதிலிருந்து இறக்கினார். அப்புறம், "எங்க விட்டேன்?" என்று தொடர்ந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் நிஜமாகச் சொல்லுங்கள். மீரா உசேன் சக்கரத்தைக் கழற்றியபோது, 'அவசரப்படாமல் அந்தக் கொரியா டயரையும் ஒருமுறை பார்த்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றவில்லை? கனிமொழி வண்டியில் இருந்தது எந்தக் கம்பெனி என்று நான் கடைசிவரை சொல்லாதது உங்களை உறுத்தவில்லை? உறுத்துகிறது என்றால் உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். தியாகராசனின் நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது.