பன்னண்டரையின் சிவப்பு ஒயர்

விழுப்புரத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், ரயில் மாற இறங்கினவர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தாலும் பன்னண்டரை மாதிரி ஒரு பிறவியைக் காட்ட முடியாது. மனுஷர் முகத்தைப் பார்த்து அவன் பேசி ஒரு தடவைக்கு மேல் நான் கண்டதில்லை. பேட்டரியைப் பார்த்துத்தான் பேசுவான். அதுவும் பழைய மோட்டார் சைக்கிளின் பேட்டரி. புது வண்டி ஏதாவது வந்து நின்றால், பெரிய இடத்துப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான்.

எங்கள் தெருமுனையில், ஒரு பெட்டிக்கடை அகலத்தில் அவனுடைய பேட்டரிக் கடை. டாக்டர் குழாய் மாட்டிக்கொள்வது போலக் கழுத்தில் ஒரு மீட்டர் தொங்கும். இந்தப் பக்கம் சிவப்பு ஒயர், அந்தப் பக்கம் கறுப்பு ஒயர். குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று தெருவில் பந்தயமே நடந்தது. எதிரே வருகிறவரிடம், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டான். "காலைலே எவ்ளோ காட்டுச்சு?" என்பான். வண்டியைக் கிளப்பும் முன்னால் மீட்டர் பன்னிரண்டரை வோல்ட் காட்டினால் அது நல்ல பேட்டரி. குறைந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படி வந்த பெயர்தான் பன்னண்டரை. தாய் தகப்பன் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அவனுக்கும் ஒரு காலத்தில் பெண் பார்த்தார்கள். திண்டிவனம் பக்கம். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்தது. மாப்பிள்ளையைத்தான் காணோம். வாசலில் குந்திக்கொண்டு பெண்ணின் தகப்பனார் வண்டிக்கு ஒயர் வைத்துக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்ததும் பெண் எப்படி என்று கேட்டோம். "ஆக்சிலேட்டர முறுக்குனாலும் பதிமூணத் தாண்டல" என்றான். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அப்புறம் வேறு எதுவும் வரவில்லை.

இன்னொரு நாள் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பறை அடிக்கிறது, பெண்கள் மாரில் அடித்துக்கொள்கிறார்கள். பன்னண்டரை மாலையோடு வந்தான். மாலையைப் போட்ட கையோடு, கொள்ளி வைக்கப்போகும் மகனின் வண்டி சீட்டைத் தூக்கிவிட்டான். "அப்பா போனது போவட்டும். உன் வண்டி பதினொண்ணே முக்கால்லே கீது. சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போனியானா திரும்பி வராது" என்றான். நாலு பேர் அவனை அடிக்கப் போனார்கள். சாயங்காலம் அதே மகன், மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, வண்டியை இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வந்தான். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பன்னண்டரை மட்டும் சிரிக்கவில்லை. அவன் மூன்று நாள் அந்த வண்டிக்குத் துக்கம் காத்தான்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் கருவாட்டுக்காரி. முப்பது வருஷம், என் வீட்டுக்காரர் பழைய மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் கூடையோடு உட்கார்ந்து, முகையூர் பக்கமெல்லாம் சந்தை சந்தையாகப் போனவள். ஒருத்தர் கையை எதிர்பார்த்து நான் சோறு தின்றதில்லை. என் பெரிய மகனுக்குத் திண்டிவனத்தில் சொந்த வீடு. அம்மா கருவாடு விற்கிறாள் என்பது அவனுக்கு ரொம்ப நாளாகவே தொண்டையில் முள். "வயசாயிடுச்சு, வந்துடுங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பொங்கலன்று எனக்குக் கோபம் வந்து, "இந்த வண்டி என்னிக்கு நிக்குதோ அன்னிக்கு வர்றோம். அது வரைக்கும் வாயத் தொறக்காத" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். அவனும் சரி என்றான். அன்றிலிருந்து அந்த வண்டி ஓடினால் நான் என் வீட்டில், நின்றால் மருமகள் வீட்டில். அவ்வளவுதான் கணக்கு.

இது பன்னண்டரைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் காலையே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். எங்கள் வண்டி, பேட்டரி இருந்தால்தான் உயிர் பிடிக்கும் சாதி. ஒரு சின்ன மீட்டரை என்னிடம் கொடுத்து, "மாமாவுக்குக் கண்ணு தெரியாது. நீதான் பாக்கணும் அக்கா. கிளப்பறதுக்கு முன்ன ஒரு தபா, கிளப்புன பின்ன ஒரு தபா, முறுக்கிப் புடிச்சிக்கினு ஒரு தபா" என்றான். எனக்கு எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். எண் நன்றாக வரும். தராசு பிடித்த கை இது. தினமும் மூன்று எண், காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆனால் அவன் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. குறைந்தால் கெட்டது என்பது ஏறியது. ஓடும்போது பதினாலரைக்கு மேல் போனாலும் கெட்டது என்பது ஏறவில்லை. கூடினால் கெட்டுப்போகிற பொருள் எதை நான் வாழ்க்கையில் கண்டேன்?

ஒரு சந்தை நாளில் சண்டை வந்தது. நாங்கள் கிளம்புகிற நேரம் அவன் குறுக்கே வந்து வண்டியை மறித்தான். இரண்டு நாளாக எண் ஆடுகிறது, பேட்டரிக்குக் கரண்டை அளந்து விடுகிற ரெகுலேட்டர் பெட்டி களைத்துப்போயிருக்கிறது, பிரித்துப் பார்க்கவேண்டும் என்றான். அரை மணி நேரம் நடுத்தெருவில் நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தையில் வேப்பமரத்தடி இடம் போய்விடும். நான் சொன்னேன்:

"பொண்டாட்டி புள்ளன்னு இருந்தா தெரியும், பொழப்புன்னா இன்னான்னு. உனக்கு இன்னா, ஒயரக் கட்டிக்கினு படுத்துக்குவ."

தெருவே சிரித்தது. பன்னண்டரை சிவப்பு ஒயரைச் சுற்றினான், கறுப்பு ஒயரைச் சுற்றினான், கடைக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அன்றைக்கு வேப்பமரத்தடி இடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவன் வராமல் போனதும் எண் ஏற ஆரம்பித்தது. பதினாலரை. பதினாலே முக்கால். பதினைந்து. பார்த்தாயா, அந்தப் பைத்தியம் தொடாமல் இருந்தாலே வண்டி தேறுகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. முன்விளக்கு பல்பு இரண்டு முறை கருகியது. மட்டமான பல்பு என்று திட்டினேன். சீட்டுக்கடியில் அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் அடித்திருக்கிறது. பேட்டரி கொதிக்கிற நாற்றம் அது. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடித்திருப்பார்கள். என் மடியில் நெத்திலியும் சுறாவும் இருக்கும்போது முட்டை நாற்றம் எனக்கு எங்கே தெரியப்போகிறது?

பதினைந்தே முக்கால் காட்டிய அன்றைக்கு, முகையூர் தாண்டிக் கரும்புத் தோட்டம் ஓரமாக வண்டி நின்றது. சீட்டைத் தூக்கினால் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு என்னைவிட ரோஷம். மகனிடம் நான் சொன்ன சொல் அவருக்கும் தெரியும். விடாமல் உதைத்தார், உதைத்தார். கடைசி உதையில் முழங்காலில் சடக்கென்று ஒரு சத்தம். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மகன் லோடு ஆட்டோ கொண்டுவந்தான். வண்டியை ஏற்றினான், அப்பாவை ஏற்றினான், என்னைப் பார்த்தான். நானே ஏறிக்கொண்டேன். சொன்ன சொல் என்னுடையது. விழுப்புரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தெருவில் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திண்டிவனம் வந்துவிட்டேன். மருமகளைக் குறை சொல்லமாட்டேன். சோறு போடுகிறாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் போடுகிறாள்; என்னை அப்படிக் கேட்டு யாரும் போட்டதில்லை, அதனால் பாதி வயிற்றிலேயே போதும் என்றுவிடுகிறேன்.

பத்து நாள் கழித்துப் பன்னண்டரை வந்தான். எங்கே விசாரித்தானோ, பஸ்ஸில் வந்திருக்கிறான். ஒரு கையில் பேட்டரி, மறு கையில் மஞ்சள் பை, கழுத்தில் மீட்டர். வாசலில் நின்ற மகன் யார் நீங்கள் என்று கேட்டதற்கு, "வண்டி எங்க?" என்றான்.

முதலில் காலண்டர் அட்டையைக் கேட்டு வாங்கினான். மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். எண் ஏற ஏற அவன் முகம் இறங்கியது. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"பதினாலே முக்கால்லயே எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே அக்கா" என்றான். அவ்வளவுதான்.

மதியம் வரைக்கும் போர்ட்டிகோவில் குந்தி ரெகுலேட்டரை மாற்றினான், பேட்டரியை மாற்றினான். அவனே உதைத்தான். வண்டி பிடித்துக்கொண்டது. முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோக்கா?" என்று கேட்டான். மீட்டர் அவன் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது. ஆனாலும் என்னைக் கேட்டான்.

"பதினாலு புள்ளி ரெண்டு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் போனான். முதல்முறையாக ஒரு மனுஷர் முகத்தைப் பார்த்துப் பேசினான். "தம்பி, நின்னது வண்டி இல்ல. ரெகுலேட்டரு. பேச்சு வண்டிக்குத்தான? அக்காவயும் மாமாவயும் அனுப்பிச்சுடு."

மகன் கோபப்படவில்லை. "வண்டி ஓடுங்க. அப்பா காலு ஓடுமா?" என்று கேட்டான்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் காலை நீட்டி, தைலம் தடவி உட்கார்ந்திருந்தார். பன்னண்டரை அந்த முழங்காலையே ரொம்ப நேரம் பார்த்தான். சிவப்பு ஒயரை எங்கே வைப்பது என்று தேடுகிறவன் மாதிரி இருந்தது. கடைசியில், "அதுக்கு எங்கிட்ட மீட்டர் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையை மடித்துக்கொண்டான். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். நில்லாமல் போய்விட்டான். நடுத்தெருவில் சொன்ன அந்தச் சொல்லுக்கு அன்றைக்காவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சாப்பிடச் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் காலையில் போன் வரும். நல்லா இருக்கியா கிடையாது, மாமா எப்படி கிடையாது. "எவ்ளோ?" என்பான். சொல்வேன். "ம்" என்று வைத்துவிடுவான். குறைந்த நாளில் ஒரு புள்ளிகூட நான் கூட்டிச் சொன்னதில்லை.

இப்போது ஏழெட்டு சனிக்கிழமையாகப் போன் இல்லை. நான் அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. விழுப்புரத்திலிருந்து வந்த மீன்காரியிடம் விசாரித்தேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடையாம். ஆள் எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் சொல்லி விசாரிக்கலாம் என்றால், முப்பது வருஷத்தில் அவன் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வண்டி போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. விற்றுவிடலாம் என்று மகன் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். தினமும் காலையில் சீட்டைத் தூக்கி ஒயர் வைக்கிறேன். இன்றைக்குப் பன்னிரண்டு புள்ளி நாலு. அட்டையில் குறித்து வைத்திருக்கிறேன். திடீரென்று கேட்டால் சொல்ல வேண்டுமே.