சுகருக்கு ஒரு நாள் லீவு

"மிஷின் செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பக்ருதீன் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மிஷின் சாகவில்லை. அதன் பேட்டரி அவருடைய சட்டைப் பையில் சுகமாக இருந்தது.

பக்ருதீனுக்கு உப்பளம் கடைத்தெருவில் மிக்ஸி ரிப்பேர் கடை. உடம்பில் இருபது வருஷமாகச் சுகர். மாத்திரையைக் கூட அவர் பொறுத்துக்கொண்டார். காலை நடையையும், சர்க்கரை போடாத டீயையும் பொறுத்துக்கொண்டார். தாங்க முடியாதது, விரலைக் குத்தியதும் மிஷினில் வரும் நம்பர்தான். குறைவாக வந்தால் நல்ல மனுஷன், கூடிப்போனால் குற்றவாளி. "நேத்து கடைப் பக்கம் என்ன தின்னீங்க?" என்று மனைவி மஹ்பூபா விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். ஒரே ஒரு நாள், தன் நம்பர் என்னவென்று தனக்கே தெரியாமல் இருக்க வேண்டும். பிரியாணி கூட வேண்டாம். அவ்வளவுதான் அவர் ஆசை.

"அதுக்கென்ன, எதிர்வீட்டு ஜெயசித்ராகிட்ட ஒண்ணு இருக்கு. வாங்கியாறேன்" என்று மஹ்பூபா செருப்பை மாட்டினாள்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. பாத்ரூமுக்குள் ஓடினார். கைக்குக் கிடைத்த பழைய வேட்டித் துணியைக் கிழித்து இடது கை ஆள்காட்டி விரலில் சுற்றினார். ஒரு விரல் போனால் மிச்சம் இருக்கிறதே என்று அவள் கேட்பாள். எனவே அடுத்த விரலையும் சேர்த்தார். சுற்றச் சுற்ற மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது.

மஹ்பூபா மிஷினோடு வந்தாள். கட்டைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"வெந்நி கொட்டிடுச்சு."

மிஷின் மேஜைக்குப் போனது. அதை அவள் அடியோடு மறந்தே போனாள். திட்டம் பலித்துவிட்டது. பலித்ததுதான் வினையாகிப் போயிற்று.

"சுகர் உள்ள உடம்புல தீக்காயமா? பிரிங்க, பாக்கறேன்."

"வேணாம் மஹ்பூபா. காத்து பட்டா எரியும்."

"எங்க வாப்பாவுக்கும் இப்பிடித்தான் சின்னக் கொப்புளம்னு ஆரம்பிச்சுது. காலையே எடுத்தாங்க" என்று சொல்லி அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நடிப்பில்லாத அழுகை. இப்போது உண்மையைச் சொன்னால் அழுகை நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன ஆரம்பிக்கும் என்று யோசித்ததும் பக்ருதீன் துணிக்கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பின்னாலேயே வந்த ஜெயசித்ரா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் தெருவுக்குத் தனியாகச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கவில்லை.

முதலில் மீன்கடை முத்து வந்தார்.

"இன்னா பாய், விரலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாமே?"

"யார் சொன்னது? ஒண்ணும் இல்ல முத்து."

"இருக்கறவங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாங்க. சுகர் எவ்ளோ இருக்கு?"

அடுத்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஜானகிராமன் வந்தார். தன்னோடு வேலை பார்த்தவருக்குப் பிரான்ஸில் பாதத்தை எடுத்த கதையை, எந்த இடத்தில் அறுத்தார்கள் என்று தன் காலிலேயே தொட்டுக் காட்டி விளக்கினார். போகும்போது, "சுகர் எவ்வளவு?" என்றார்.

நம்பரே காதில் விழக் கூடாது என்று ஆசைப்பட்ட நாளில், தெருவே அதைத்தான் கேட்டது. பக்ருதீன் எழுந்து சட்டையை மாட்டினார்.

"கடைக்குப் போறேன்."

"கடைக்கா? ஆட்டோ வந்துட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றாள் மஹ்பூபா.

ஊர் ஓரத்துக் கதிர்காமத்துக்குப் போகிற வழியில் டாக்டர் விக்ரமின் கிளினிக். சுகருக்கு ஊரிலேயே கண்டிப்பான டாக்டர். நம்பர் கூடினால் நோயாளியை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார் என்று பேர். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மஹ்பூபா அந்தக் கையை ஒரு குழந்தையைப் போலத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். பக்ருதீன் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர், களிம்பு வாங்கிவரச் சொல்லி மஹ்பூபாவை அனுப்பினார். பிறகு கட்டைப் பிரித்தார். துணி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கை வந்தது. மாசு மருவில்லாத கை.

"காயம் எங்க?"

பக்ருதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"காயம் இல்ல டாக்டர். அலுத்துப் போச்சு. காலையில எந்திரிச்சா நான் எப்பிடி இருக்கேன்னு எனக்குத் தெரியாது, அந்த மிஷின் சொல்லணும். இருபது வருஷமா பரீட்சை எழுதறேன், பாஸ் ஆகவே இல்ல. ஒரு நாள் லீவு போட்டேன். வேற ஒரு தப்பும் பண்ணல. மாத்திரை கூடப் போட்டுட்டேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. டாக்டர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"பாய், சுகருக்கு லீவு கெடையாது."

"சரிங்க டாக்டர்."

"வெளிய ஒரு அம்மா அழுதுக்கிட்டே களிம்பு வாங்கப் போயிருக்காங்க. நீங்க நல்லாருக்கணும்னுதான் கேக்கறாங்க. அவங்ககிட்ட போயி பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல? பொண்டாட்டிய ஏமாத்திடலாம், நோயை ஏமாத்த முடியுமா? ஒழுக்கம் வேணும் பாய், ஒழுக்கம்."

பக்ருதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஆயுசுக்கும் தவறாமல் குத்திக்கொள்வதென்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

அப்போது கதவு பாதி திறந்தது. நர்ஸ் பூவிழி, கையில் போனைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் நீட்டினாள்.

"சார், உங்க வீட்டம்மா லைன்ல இருக்காங்க. காலையில உங்க சுகரைப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க. வழக்கம்போல நீங்க ரவுண்ட்ஸ்ல இருக்கீங்கன்னே சொல்லிடட்டுமா?"