தண்ணீர் வருகிறது, ஒத்துழைக்கவும்

ஒன்பது மொழிகள் பேசப்பட்ட நாடு ஒன்று இருந்தது. அதன் மன்னரைக் குடிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அரண்மனைச் சேதி ஒவ்வொன்றும் ஒன்பது மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, தண்டோராக்காரர்கள் வழியே ஊர்களுக்குப் போனது. வேலை தேங்கியது. மொழித்துறை அமைச்சர் நன்மதியார் ஒரு வழி கண்டார்.

"மன்னா, ஒரு மதகு திறந்தால் ஒரு சேதி, எல்லா மதகுகளும் திறந்தால் வேறு சேதி, அணை உடைந்தால் இன்னொன்று. மூன்றிலும் தண்ணீர்தானே வருகிறது?"

மன்னர் யோசித்தார். "வருகிறது."

"எனவே ஒரே வாசகம்: 'தண்ணீர் வருகிறது, ஒத்துழைக்கவும்.'"

அவை கைதட்டியது.

அடுத்து, கிணறு தூர்வாரும் சேதியும் கிணற்றில் நஞ்சு கலந்துவிட்ட சேதியும் ஒன்றாயின: 'கிணறு அரசின் கவனத்தில் உள்ளது.' வடக்கே ஒரு தெருவே நம்பிக் குடித்தது. அங்கே பிணம் தூக்க ஆள் போதவில்லை. அமைச்சருக்குச் 'சொற்சுருக்கச் செம்மல்' பட்டம் கிடைத்தது.

ஆற்றங்கரை ஊரொன்றில் ஒச்சம்மா இருந்தாள். அவள் கணவன் விருமன் ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்தான். ஒரு நண்பகலில் தண்டோராக்காரர் பரட்டையன் வந்து தண்ணீர் வாசகத்தை முழங்கினார்.

"எம்புட்டுத் தண்ணிண்ணே?"

"அதுக்கு வாசகம் இல்ல தாயி."

"போன வாரமும் இதத்தான கத்துன? கணுக்கால்கூட நனையல. ஒன் மோளத்துக்குத்தான் ஒத்துழைக்கணும்போல."

பரட்டையன் சிரிக்கவில்லை. "கூட ஒரு வார்த்த சொன்னா நாக்க அறுத்துருவாக."

ஆனால் அவர் கண் ஆற்றை விட்டு அகலவில்லை. ஒச்சம்மா அதைக் கவனித்தாள். ஓடினாள்.

கரையில் நின்று அவள் கத்தியதைக் கேட்டு விருமன் நிமிர்ந்தான். சோற்றுக்குக் கூப்பிடுகிறாள் என்று எண்ணி, வருகிறேன் என்று கையசைத்தான். அடுத்த கணம் அங்கே மணல்மேடு இல்லை.

அணை உடைந்திருந்தது.

ஒச்சம்மா நடந்தே தலைநகர் போனாள். "எம்புருசனக் கொன்னுபுட்டீகளேய்யா!"

அவையில் யாரும் அதிரவில்லை. அமைச்சர் கனிவுடன் விளக்கினார். "அம்மையே, முன்பு குடிகள் வாழ்த்து, வேண்டுகோள், புகார், சாபம் எனப் பலவாறாகப் பேசினார்கள். எல்லோரும் நினைப்பது மன்னரைத்தானே? ஆகவே இப்போது ஒரே பதிவு." எழுத்தரிடம் திரும்பினார். "எழுதும்: ஒச்சம்மா மன்னரை நினைத்துக்கொண்டார்."

"நினைக்கவா வந்தேன்? நீங்க வெளங்குவீகளா? மண்ணோட மண்ணாப் போவீக!"

"மீண்டும் நினைத்துக்கொண்டார்" என்று எழுத்தர் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளம் புகுந்த ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து அரண்மனை வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒவ்வொருவரையும் எழுத்தர்கள் பொறுமையாகப் பதிந்தார்கள். தேர்தல் நெருங்கியபோது மன்னர் சற்றுக் கலங்கினார்.

"கவலை வேண்டாம், மன்னா. வாக்களிப்பதும் தங்களை நினைப்பதுதானே? தனியாக ஒரு தேர்தல் எதற்கு?"

முடிவு ஒன்பது மொழிகளிலும் முழங்கப்பட்டது. அந்நாட்டு வரலாற்றில் எந்த மன்னரும் அத்தனை வாக்குகள் பெற்றதில்லை. அவற்றில் இரண்டு ஒச்சம்மாவுடையவை.