பின்கண்ணாடி மகானும் ஒரு துண்டு சாக்பீஸும்

அந்தத் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. குழாய் இன்னும் வந்தபாடில்லை. அதற்குள் மகான் ஒருவர் வந்துவிட்டார்.

பள்ளம் தினம் இடம் மாறும். கூடவே 'தற்காலிகமாக இங்கே வண்டி நிறுத்தக் கூடாது' என்ற பலகையும் இடம் மாறும். நேற்று இடப்பக்கம் நின்ற பலகை இன்று விடிவதற்குள் வலப்பக்கம் போயிருக்கும். ராத்திரி வண்டியை விட்டுவிட்டுத் தூங்கப் போனவன் காலையில் வந்து பார்த்தால் பலகை இருக்கும், வண்டி இருக்காது. வண்டியைத் தூக்கிப்போய் யார்டில் அடைத்துவைக்கும் டோயிங் வண்டிக்காரர்கள் அவ்வளவு கடமை தவறாதவர்கள்.

வண்டி எங்கே போனது என்று அறியப் போன் நம்பர் ஒன்று உண்டு. அடித்தால் ஒரு பாட்டு கேட்கும். பாட்டு முடிந்தால் அதே பாட்டு மறுபடியும் கேட்கும். எத்தனை நாளைக்கு ஒரே பாட்டைக் கேட்பது? ஜனங்கள் மகானிடம் போய்விட்டார்கள்.

மகானின் சன்னிதானம் ஒரு பழைய ஒர்க்‌ஷாப். சிம்மாசனம் ஒரு கிழிந்த கார் சீட்டு. கையில் லாரியிலிருந்து கழன்ற பின்கண்ணாடி. "பின்னாடி நடந்ததெல்லாம் பின்கண்ணாடியிலதானே தெரியும்?" என்று மகான் கேட்பார். இந்த அறிவியலுக்கு முன்னால் யார் வாய் திறக்க முடியும்? காட்சி தெரிந்ததும் ஒரு சீடர் ஹாரன் அடிப்பார். இன்ன வண்டி, இன்ன நம்பர், இன்ன யார்டில் நிற்கிறது என்று மகான் சொல்வார். போய்ப் பார்த்தால் நிற்கும். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இன்னொரு சீடருக்கு வெளிவேலை. வாளியும் ஈரத்துணியுமாக நாள் முழுக்கத் தெருவைச் சுற்றி வருவார். வண்டி பிரியும்போது விட்ட கண்ணீர் நடைபாதை ஓரத்தில் கிடக்குமாம். அதைத் துடைக்கிறாராம். அது என்ஜின் ஆயிலாக இருக்குமே என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். ஒரு புண்ணியவான் புது வாளி வாங்கிக் கொடுத்தார்.

இந்த நிலையில்தான், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்த கணக்கு டீச்சருக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வேன் போச்சுக்கா."

"எங்கடா போச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன்கா இங்க மகான்கிட்ட க்யூவுல நிக்கிறேன்?"

தம்பி மத்தியானத்தோடு விடுகிற ஒரு சின்னப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். போன மாதம் வேன் பழுதாகி இரண்டு நாள் போகவில்லை. "இன்னொரு நாள் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு பள்ளியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. டீச்சர் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்.

"மகான் முன்னாடி முதல் உட்காரல் முடிஞ்சிருச்சுக்கா, காணிக்கையும் வச்சுட்டேன். வேன் நல்லா இருக்காம், என்னையே நினைச்சுட்டு இருக்காம். மூணாவது உட்காரல்ல இடம் தெரிஞ்சிரும். தினம் ஒரு உட்காரல், மூணே நாள்தான்."

"நாளைக்குக் காலையில பிள்ளைங்களை என்ன, முதுகுல தூக்கிட்டுப் போவியா?"

"அவசரப்பட்டா ஆகாதுக்கா. அவர் சொன்னா நூத்துக்கு நூறு சரியா இருக்கும்."

டீச்சருக்கு உறுத்தியதே அந்த நூற்றுக்கு நூறுதான். அவர் எத்தனையோ கணக்குப் பேப்பர் திருத்தியவர். விடை சரியாக இருக்கும், வழிமுறை ஒரு வரிகூட இருக்காது. அப்படி ஒரு பேப்பர் வந்தால் அந்தப் பையன் மேதை என்று எந்த வாத்தியாரும் நினைப்பதில்லை. யாரைப் பார்த்து எழுதினான் என்றுதான் தேடுவார்கள். மகான் யாரைப் பார்த்து எழுதுகிறார்?

"வேனை எங்க விட்டிருந்த? வா, காட்டு."

தம்பி காட்டிய இடத்தை வாளிச் சீடர் எப்போதோ துடைத்துவிட்டுப் போயிருந்தார். வெயிலில் ஈரம் காய்ந்திருந்தது. டீச்சர் குனிந்து பார்த்தார். சிமெண்ட் விளிம்பில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. சாக்பீஸ் எழுத்தை ஈரத்துணியால் துடைத்தால் அந்த நேரத்துக்குப் பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் எழுத்து மங்கலாக மறுபடி தலைகாட்டும். கரும்பலகையோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இது தெரியாதா? ஸ்கூல் வேன், அதன் நம்பர், பாலத்தடி யார்டு. மூன்றையும் டீச்சர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.

"டேய், வண்டியைத் தூக்கிட்டுப் போறவங்களே எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க. அந்த வாளிக்காரன் வந்து துடைச்சுட்டு, உள்ள போய் அவர் காதுல ஓதுறான்."

தம்பி குனிந்து பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"மகான் பார்வை பட்டு எழுத்து தானா வந்திருக்குக்கா!"

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, எப்படியோ வந்துச்சு. இப்பவே பாலத்தடிக்குப் போ. ஆறு மணிக்கு மூடிருவாங்க. ஓட்டுனவனே லைசென்ஸோட போனாத்தான் வேனை விடுவாங்க."

"அவர் வாயால சொல்லாமப் போனா வண்டி ஸ்டார்ட் ஆகாதாம்கா. நான் போகலை."

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிடிவாதத்தில் அவன் டீச்சரின் கூடப்பிறந்தவன்தான். டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்தார். ஜெராக்ஸ் கடை முன்னால் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போய், அதே மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார்: நீலக் கார், 3141, பழைய மார்க்கெட் யார்டு. வட்டக் கணக்கில் வருகிற 'பை'யின் முதல் நான்கு இலக்கம்தான். வேறு எண் யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"வாயை மூடிட்டு வேடிக்கை பாரு" என்று தம்பியைக் கடைக்குள் இழுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் வாளிச் சீடர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்தார். உதடு அசைந்தது. பிறகு துடைத்தார். கண்ணீர் துடைக்கிறவருக்கு உதடு எதற்கு அசைய வேண்டும்? தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த ஈரத் தரையைப் பார்த்தான்.

டீச்சர் முந்தானையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனார். பின்னாலேயே தம்பி.

"வண்டியை எங்கம்மா நிறுத்துனீங்க?" என்றார் வாளிச் சீடர்.

"ஜெராக்ஸ் கடை முன்னாடி."

சீடர் மகானுக்குத் தகவல் சொல்ல உள்ளே போனார். டீச்சர் மூன்று உட்காரலுக்கும் சேர்த்துக் காணிக்கையை மொத்தமாகத் தட்டில் வைத்தார். வைத்ததும் மூன்று நாளும் ஒரே நிமிடத்தில் ஓடிவிட்டன. மகான் கண்ணாடியை உயர்த்தினார். ஹாரன் அலறியது.

"நீலம்... நீலமா ஒரு கார் தெரியுது. மூணு... ஒண்ணு... நாலு... ஒண்ணு. பழைய மார்க்கெட் யார்டுல நிக்குது. உன்னை நினைச்சு ஹெட்லைட்ல தண்ணி விடுது மகளே!"

கூட்டம் சிலிர்த்தது. ஓர் அம்மாள் விசும்பவே ஆரம்பித்துவிட்டார்.

"நல்லாப் பாருங்க சாமி. என் கார்தானா?"

"உன் கார்தான். நீ வழக்கமா உக்காருற சீட்டுகூடத் தெரியுது."

"அக்காகிட்ட சைக்கிள்கூடக் கிடையாது!"

கத்தியது தம்பிதான். குரல் உடைந்திருந்தது. "பஸ்ஸுலதான் போவாங்க, பஸ்ஸுலதான் வருவாங்க! அந்த நம்பரை சாக்பீஸால அவங்களேதான் எழுதுனாங்க, நான் பாத்தேன். அதைத் துடைச்சது உங்க ஆளு!"

ஒர்க்‌ஷாப்பில் எல்லாத் தலைகளும் மகான் பக்கம் திரும்பின. மகான் மட்டும் அசரவில்லை. அனுபவஸ்தர்.

"அது நீ வாங்கப்போற கார் மகளே."

"வாங்குறதுக்கு முன்னாடியே தூக்கிட்டாங்களா? அடேயப்பா, அவ்வளவு சுறுசுறுப்பா வேலை செய்யறாங்களா?"

யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு ஒட்டிக்கொள்கிற வியாதி. ஒர்க்‌ஷாப் முழுக்கப் பரவியது. டீச்சர் தன் காணிக்கையையும் தம்பியின் காணிக்கையையும் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். "வண்டி நின்ன இடத்துக்குப் போய்க் குனிஞ்சு பாருங்க. காய்ஞ்ச இடமாப் பாருங்க" என்றார். மகானுக்காகக் குனிந்த முதுகுகள் அன்றுதான் தங்களுக்காகக் குனிந்தன. "ஐயோ, என் வண்டி ஆத்தங்கரை யார்டுல!" என்று தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒருவர் மட்டும் மகானிடம் திரும்பி வந்தார். அந்த நீலக் காரை டீச்சர் என்ன விலைக்கு வாங்கப்போகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தம்பி ஓடினான். யார்டு கேட்டைப் பாதி இழுத்திருந்தபோது உள்ளே நுழைந்தான். அபராதத்தைக் கட்டி, சாவியைத் திருப்பினான். மகான் சொல்லாமலே வேன் ஸ்டார்ட் ஆனது. அவன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான். வெட்கமும் சந்தோஷமும் சரிபாதி.

மறுநாள் காலை, வேன் நிறையப் பிள்ளைகள் கூச்சல் போட, அவன் அக்காவையும் ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தான். ஒர்க்‌ஷாப் கதவு சாத்தியிருந்தது. மகான் ராத்திரியே கிளம்பிவிட்டாராம். எங்கே போனார் என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. டீச்சர் இறங்கி, மிச்சமிருந்த சாக்பீஸால் வாசற்படியில் ஒரு வரி எழுதினார்:

'வழிமுறை காட்டாத விடைக்கு மதிப்பெண் கிடையாது.'

மகான் தர வேண்டிய சம்பளப் பாக்கிக்காக அங்கேயே காத்துக் கிடந்த வாளிச் சீடர், பழக்க தோஷத்தில் ஓடி வந்து அதையும் ஈரத்துணியால் துடைத்தார்.

வெயில் ஏறியதும் அது மறுபடியும் தெரிந்தது. குனிந்து படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளலாம். குனிய மனமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த தெருவிலும் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.