மேடம் வரட்டும்

ஆட்களை நிர்வகிப்பது எப்படி என்று வகுப்பில் கற்றுக்கொண்டு வருகிறவர்களை, அந்தச் சூடு ஆறும்வரை யாருக்கும் மேலதிகாரியாக உட்கார வைக்கக் கூடாது. பட்டவள் சொல்கிறேன்.

எண்ணூர் போகும் சாலையில் ஒரு காலி கன்டெய்னர் யார்டில் அப்போது நான் புது சூப்பர்வைசர். அவரவர் குணமறிந்து வேலை வாங்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். என்னிடம் மூன்று குணங்கள் இருந்தன. கன்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டும் சேகர், எதையும் பேசித் தீர்த்த பிறகுதான் செய்வார் (பெரும்பாலும் பேச்சோடு தீர்ந்துவிடும்). உள்ளே கூட்டித் துடைக்கும் ரோஸி அக்கா, எதற்கும் பயந்து ஜெபம் சொல்வார். கதவுகளைச் சாத்தும் அமீது பாய் பேசவே மாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதற்கு மேல் இம்மியும் செய்யமாட்டார்.

மூவருக்கும் பொதுவாக ஒரு சட்டம் போட்டேன். "திறந்து கிடக்கிற கதவைச் சாத்திடணும். சாத்தின கதவை என்னைக் கேக்காம யாரும் திறக்கக் கூடாது."

அடுத்து வந்தது போகிக் காலை. டயர் புகையும் பனியும் கலந்து யார்டே வெள்ளையாகிவிட்டது. அடுக்கியிருந்த கன்டெய்னர்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, மேலே ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. எந்தத் திசையில் என்று சொல்ல முடியவில்லை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ரோஸி அக்கா ஓடிவந்தார். "கோடியில கீற காலிப் பொட்டில யாரோ தட்டிகினுக்கீறாங்கம்மா!"

போய்க் காதை வைத்தேன். டொக். டொக். டொக். அவசரமே இல்லாத தட்டல். விருந்துக்கு வந்தவர்கள் தட்டுவார்களே, அப்படி.

"இரும்பு மேடம். வெயில் பட்டா சத்தம் வுடும்" என்றார் சேகர்.

"வெயில் எங்கண்ணே?"

சேகர் வானத்தைப் பார்த்தார்.

உள்ளே ஆள் மாட்டியிருந்தால்? திறக்கச் சொன்னேன். இருட்டும் துரு வாடையும் வந்தன, வேறெதுவும் வரவில்லை. டார்ச் எடுத்துவர சேகரை அனுப்பினேன். ரோஸி அக்கா தீர்த்த பாட்டில் எடுக்கத் தானாகவே போய்விட்டார். அவர்கள் வரும்வரை நான் நின்றிருக்கலாம். 'தலைமை முன்னே நடக்க வேண்டும்' என்று வகுப்பில் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. நடந்தேன்.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் வெளிச்சம் ஒடுங்கியது. திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது, தாழ்க்கம்பி விழுந்தது. வேறு யார்? புகைக்குள்ளிருந்து வந்த அமீது பாய், திறந்து கிடந்த கதவைப் பார்த்திருக்கிறார். என் சட்டப்படி சாத்திவிட்டார்.

போன் ஆபீசில் சார்ஜில் கிடந்தது. கதவை ஓங்கித் தட்டினேன். வெளியே குரல்கள் கேட்டன.

"மாதாவே! முன்னவிட பலமா தட்டுதே!"

"கதவு சாத்திக்கீதே. மேடம் ஆபீசாண்ட போய்ட்டாங்க போல. தொறந்து பாக்கலாமா?" இது சேகர்.

"மேடம் இன்னா சொன்னாங்க? அவங்கள கேக்காம தொறக்கக் கூடாது. மேடம் வரட்டும்!"

"நான்தான் மேடம்!" என்று கத்தினேன். இரும்புக்குள் அது எனக்கே ஊளையாகக் கேட்டது. "ரோஸி அக்கா!"

"ஐயோ, பேரச் சொல்லிக் கூப்டுதுபா!" ஜெபம் உச்சத்துக்குப் போனது.

கை ஓய்ந்து, மெதுவாக மூன்று முறை தட்டினேன். என் முதுகுக்குப் பின்னால், இருட்டின் கடைசியிலிருந்து, மூன்று தட்டல் திரும்பி வந்தது. எதிரொலி என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, நான் தட்டாமலே, இன்னொன்று வந்தது.

அதற்குள் வெளியே முடிவெடுத்துவிட்டார்கள். "வேலியாண்ட கொண்டு போய் வச்சிடு சேகரு!" வண்டி உறுமியது. தரை என்னோடு மேலே கிளம்பிச் சாய, நான் அந்தக் கடைசியை நோக்கிச் சறுக்க ஆரம்பித்தேன். வாயில் ஜெபம் வரவில்லை. தினமும் காலையில் கத்துவதுதான் வந்தது.

"சேகரண்ணே! சீட் பெல்ட் போட்டீங்களா?"

வண்டி நின்றது.

"பேய் இன்னாத்துக்கு சீட் பெல்ட்ட கேக்குது?" என்றார் சேகர்.

அப்போதுதான் அமீது பாயின் குரலை முதன்முறையாகக் கேட்டேன். ஒரே சொல். "மேடம்."

பெட்டியை இறக்கிக் கதவைத் திறந்தார்கள். உடம்பெல்லாம் துருவோடு, தலைவிரிகோலமாக, முட்டி போட்டு வெளியே வந்தேன். ரோஸி அக்கா ஒரு பார்வை பார்த்தார். பாட்டில் தீர்த்தம் மொத்தத்தையும் என் மூஞ்சியில் ஊற்றிவிட்டார்.

அமீது பாய் டார்ச்சோடு கடைசிவரை போய் வந்தார். வெறும் தரைதான். அந்தப் பக்கம் வெளியேயும் யாரும் இல்லை. "சாத்தட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினார். பெட்டி மத்தியானமே லாரி ஏறிப் போய்விட்டது. எங்கே போனது என்று நான் விசாரிக்கவில்லை.

சேகரின் புண்ணியத்தில், நான் ராயபுரம் வீட்டுக்கு வருமுன்பே கதை வந்து உட்கார்ந்திருந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டு தட்டினால், ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து "மேடம் வரட்டும்!" என்று கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று போன்தான் செய்வேன். கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் பதிலுக்கு யார் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதே.